நோயுற்ற பணியாளும் நம் தராசும்





வியாபாரிகளாகிய நமக்கென்றே இறங்கியது போன்ற ஓர் அத்தியாயம் திருக்குர்ஆனில் உண்டு. அது 83ஆவது சூராவாகிய அல்-முதஃப்பிஃபீன். அளவையில் வஞ்சனை செய்வோர்க்கு வரும் கேட்டைச் சொல்லி அது தொடங்குகிறது. பிறரிடமிருந்து வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு, தாம் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரையே அல்லாஹ் அங்கே கண்டிக்கின்றான்.

இவ்வசனங்களைக் கேட்டதும் நம் கண் முன் வருவன அரிசி மூட்டையும் படிக்கல்லுமே. ‘நம் கடைத் தராசு சரியாக இருக்கிறது, முத்திரையும் போட்டிருக்கிறது’ என்று மனம் ஆறுதல் கொள்கிறது. ஆனால் நாம் கொள்முதல் செய்வது அரிசியும் பருப்பும் துணியும் மட்டுந்தானா? மனிதருடைய உழைப்பையும் அன்றோ விலைக்கு வாங்குகிறோம்! புகாரி ஷரீபில் வரும் ஒரு ஹதீதைச் சற்றே ஊன்றிப் பாருங்கள். கியாமத்து நாளில் தானே எதிர்வழக்காடப் போவதாக அல்லாஹ் கூறும் மூவரில் ஒருவன், கூலிக்கு ஆள் அமர்த்தி, அவனிடம் வேலையை நிறைவாக வாங்கிக்கொண்டு, கூலியைக் கொடாதவன். ‘நிறைவாக வாங்குதல்’ என்பதற்கு அந்த ஹதீதில் வரும் அரபுச் சொல்லும், அளவை மோசடியைக் கூறும் வசனத்தில் வரும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. ஆக, உழைப்பும் தராசில் ஏறும் பொருளே என்பது தெளிவு.

இப்போது நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். விடியற்காலையில் அடுப்புப் பற்றவைப்பது முதல் இரவு மேசை துடைத்துக் கதவு இழுத்துச் சாத்துவது வரை நம் பணியாளரிடம் வேலையை நிறைய வாங்குகிறோம். அவர் நோயுற்றுப் பாயில் விழுந்த அன்று நாம் அளந்து கொடுப்பது என்ன?

அருகில் இருந்தும் தூரமான ஆஸ்பத்திரி

நமது செராஸ் பாதி கூட்டரசுப் பிரதேசத்திலும் பாதி சிலாங்கூரிலுமாக விரிந்து கிடக்கும் பெரிய வட்டாரம். உணவுக்கடை, மளிகைக்கடை, துணிக்கடை, முடிதிருத்தும் கடை என்று நம்மவர் தொழில் இங்கே பல. அவற்றில் நிற்போர் பலர் இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள். வங்காள தேசத்தாரும் நேபாளத்தாரும் மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்கியா சகோதரர்களும் உண்டு. வயது நாற்பதைக் கடந்திருந்தாலும் நம் வாயில் அவர்கள் ‘பையன்’களே.

ஆஸ்பத்திரிக்கும் இங்கே குறைவில்லை. 1950களிலேயே காசநோயாளருக்கென்று லேடி டெம்ப்ளர் ஆஸ்பத்திரி எழுந்தது இந்தச் செராஸில்தான். 1997 முதல் தேசியப் பல்கலைக்கழகத்தின் பெரிய ஆஸ்பத்திரி இங்கே இயங்கி வருகிறது. துவாங்கு முஹ்ரிஸ் ஆஸ்பத்திரி என்பது அதன் இன்றைய பெயர். கடை வாசலிலிருந்து பத்து நிமிடத்தில் போய்ச் சேரலாம்.

ஆனால் தூரம் என்பது மைலால் மட்டும் அளக்கப்படுவதன்று. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அயல்நாட்டார்க்கு இருந்த மானியம், 2014ஆம் ஆண்டின் கட்டண ஆணைப்படி, 2015 தொடங்கிப் படிப்படியாக நீக்கப்பட்டது. 2017இல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தைப் பாருங்கள். பிரஜை ஒருவர் 1 வெள்ளி கொடுத்து டாக்டரைப் பார்க்கும் இடத்தில், அயல்நாட்டுத் தொழிலாளி 40 வெள்ளி கொடுக்க வேண்டும். சிறப்பு வைத்தியரிடம் பிரஜைக்கு 5 வெள்ளி. அவருக்கு 120 வெள்ளி. மூன்றாம் வகுப்பு வார்டில் படுக்க 1,400 வெள்ளி முன்பணம். அறுவைச் சிகிச்சையென்றால் 2,800 வெள்ளி. 2025இல் இந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் பெரும்பகுதியை ஊரில் இருக்கும் தாய்க்கும் மனைவிக்கும் அனுப்பிவிடும் ஒருவர், 1,400 வெள்ளிக்கு எங்கே போவார்?

எங்கும் போக மாட்டார். நோயை மறைப்பார். ‘முதலாளி, நெஞ்சு கரிக்கிறது’ என்று ஒரு நாள் சொல்வார். ‘ஒரு பனடோல் போட்டுக்கொள்’ என்று நாம் சொல்வோம். மறுநாள் அவர் சொல்லவே மாட்டார். நீரிழிவுக்காரர் காலில் ஒரு சிறு புண் வந்தால், நாற்பது வெள்ளிச் செலவில் முடிய வேண்டியது, விரலை எடுக்கும் நிலைக்கு முற்றிய பிறகே வெளியே தெரியவரும். இருமலைச் சொன்னால் ஃபோமேமா பரிசோதனையில் காசநோய் என்று எழுதி ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சி, போர்வைக்குள் வாயைப் பொத்தி இருமுவார். பக்கத்துப் பாயில் படுத்திருப்பவருக்கும் அது தொற்றும்.

சட்டத்தின் அளவை

‘அரசாங்கம் வைத்த கட்டணத்துக்கு நாம் என்ன செய்வோம்?’ என்று கேட்கலாம். கட்டணத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆயின் சட்டம் நம் கையில் கொடுத்திருக்கும் படிக்கற்கள் சில உண்டு. அவற்றை நாம் எடுத்துப் பார்த்திருக்கிறோமா?

முதலாவது, 2011 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த அயல்நாட்டுத் தொழிலாளர் மருத்துவக் காப்புறுதி, ‘ஸ்பிக்பா’ என்பர். ஆண்டுக்குச் சந்தா 120 வெள்ளி. அரசாங்க ஆஸ்பத்திரியில் படுக்கைச் சிகிச்சைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் முதலில் 10,000 வெள்ளி வரை என்றிருந்து, பின்னர் அது 20,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. பெர்மிட் புதுப்பிக்கும்போதே இதனை எடுத்துவிடுகிறோம். ஆனால் அந்தத் தாள் எங்கே கிடக்கிறது? நம் மேசை அறையில், அல்லது ஏஜண்டின் கோப்பில். நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர் கையில் இல்லை. தமக்கு அப்படி ஒரு காப்புறுதி உண்டு என்பதே அறியாதார் பலர். மற்றொன்றையும் மறத்தலாகாது. வெளிநோயாளியாகப் போய் மருந்து வாங்கும் செலவு இதில் அடங்காது. காய்ச்சலும் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் தொடக்கத்தில் வெளிநோயாளர் விவகாரமே. ஆக, பெரிய நோய்க்குக் காப்புறுதியும் சிறிய நோய்க்கு ஒன்றுமில்லை என்பதும் இன்றைய நிலை. அந்த இடைவெளியில் நிற்கக்கூடியவர் முதலாளி ஒருவரே.

இரண்டாவது, பெர்கேசோ. 2019 ஜனவரி முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் அதன் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். அதற்கு முதலாளி செலுத்த வேண்டியது சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு. 2024 ஜூலை முதல் உடல் முடக்கத்துக்கான திட்டமும் அவர்களுக்கு உண்டு. கொதிக்கும் எண்ணெய் கையில் கொட்டினாலும், வேலைக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கினாலும், இதில் சிகிச்சைக்கும் உதவித் தொகைக்கும் இடமுண்டு. விபத்தை 48 மணி நேரத்துக்குள் அறிவிப்பது நம் கடமை. ‘சிறிய காயந்தானே’ என்று அறிவியாமல் விட்டால், அவருடைய உரிமையை நாமே கையால் மறைத்தவர்கள் ஆவோம்.

மூன்றாவது, 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம். சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு, இரண்டாண்டுக்குக் குறைந்த பணிக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்தாண்டு வரை 18. அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். இந்த விடுப்புக்காக முதலாளி நியமித்த டாக்டர் பார்த்துச் சான்று தரும் செலவும் முதலாளியுடையது. இதில் உள்நாட்டார், அயல்நாட்டார் என்ற வேற்றுமை இல்லை. நோயாய்ப் படுத்த நாளுக்குச் சம்பளம் பிடிப்பவர், சட்டத்தின் தராசிலும் குறைத்து நிறுத்தவர். சூராவின் தராசிலும் குறைத்து நிறுத்தவர்.

வாடகை ஏறிவிட்டது, சாமான் விலை ஏறிவிட்டது, ஆள் கிடைப்பதே அரிது என்பன உண்மையே. சேவைத் துறையில் ஓர் ஆளுக்கு லெவியே ஆண்டுக்கு 1,850 வெள்ளி. ஆயினும் கணக்குத் தெரிந்தவர்கள் நாம். லெவி கட்டாமல் கடை நடத்த முடியாது என்று அதனைக் கட்டிவிடுகிறோம். அதனுடன் ஒப்பிட்டால் ஒரு தொழிலாளியின் ஓராண்டு வெளிநோயாளர் செலவு எம்மாத்திரம்? அதைக் கட்டாவிட்டாலும் கடை நடந்துவிடுகிறதே என்பதனால் அன்றோ அது விடுபட்டுப் போகிறது!

ஜக்காத்துக் கணக்கில் எழுதலாகாது

இவ்விடத்தில் நல்ல மனம் படைத்த சகோதரர் பலர் செய்யும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பணியாளர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஐந்நூறோ ஆயிரமோ கொடுக்கின்றனர். பின்னர் அதனை ஜக்காத்துக் கணக்கில் எழுதிவிடுகின்றனர். கொடுத்ததற்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக. ஆனால் மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது? ஒருவருக்கு நாம் செலுத்தக் கடமைப்பட்ட தொகையை ஜக்காத்தாகக் கழிக்க முடியாது. கடன்காரர் தம் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘இது என் தர்மம்’ என்று சொல்ல முடியுமா?

ஆதலின் சட்டமும் ஒப்பந்தமும் நம் மேல் வைத்த விடுப்புச் சம்பளமும், காப்புறுதியும், விபத்துச் செலவும் அவருடைய ஹக்கு. அதனைக் கொடுப்பதால் நாம் வள்ளல்கள் ஆகிவிடவில்லை. கடனாளி என்ற நிலையிலிருந்து விடுபடுகிறோம். ஸதக்காவின் வாசல் அதற்கு அப்பால்தான் திறக்கிறது. தவ்பா சூராவின் 60ஆவது வசனம் ஜக்காத்துப் பெறுவோரை எட்டு வகையாகச் சொல்கிறது. கடன்பட்டோரும் வழிப்போக்கரும் அவருள் அடங்குவர். பிறர் கடையில் வேலை செய்து, ஆஸ்பத்திரிக் கடனில் மூழ்கிய ஒரு முஸாபிருக்கு நாம் மனமுவந்து உதவ அங்கே இடமுண்டு. தன் பணியாளின் ஹக்கை முதலில் தீர்த்துவிட்டு, பிறகு அந்த வாசலுக்கு வருவோமாக.

பள்ளிவாசலில் ஒரு கூடாரம்

நோயாளியை எங்கே வைக்க வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியைப் பாருங்கள். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப் போரில் ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பு பட்டுக் காயமுற்றார்கள். மதீனாப் பள்ளிவாசலிலேயே அவர்களுக்குக் கூடாரம் அடிக்கச் செய்தார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அருகிலிருந்து அடிக்கடி நலம் விசாரிப்பதற்காகவே அவ்வாறு செய்தார்கள். காயமுற்றோர்க்குப் பணிவிடை செய்த அம்மையார் அஸ்லம் கோத்திரத்து ருஃபைதா (ரலி) அவர்கள். நோயாளி கண்ணில் படாத மூலையில் அன்று. தொழுகை நடக்கும் இடத்தருகே, தலைவரின் பார்வையில் கிடந்தார்.

நம் பணியாளர் எங்கே கிடக்கிறார்? கடைக்கு மேல் மாடியில், காற்றுப் புகாத அறையில், பத்துப் பேர் நடுவில். 2020 ஜூன் முதல், தொழிலாளர் தங்குமிடத்துக்கான குறைந்தபட்ச வசதிச் சட்டம் எல்லாத் துறைக்கும் விரிவாகிவிட்டது. சட்டத்துக்காக அஞ்சிச் செய்வதை, கூடாரத்தை நினைத்து அன்பால் செய்வோமே.

நோயாளியைப் பார்க்கச் செல்வதை நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முஸ்லிம் மற்றவர்க்குச் செய்யும் கடமையாகவே வைத்தார்கள். கியாமத்து நாளில் அல்லாஹ் அடியானிடம், நோயுற்ற அடியானைப் போய்ப் பாராமல் இருந்ததைத் தன்னையே பாராமல் விட்டதாகக் கூறிக் கேட்பான் என்று முஸ்லிம் ஷரீபில் வருகிறது. அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தபோது, நம் கைக்குக் கீழ் அல்லாஹ் வைத்திருப்போர் நம் சகோதரரே என்றும், நாம் உண்பதும் உடுப்பதும் அவர்க்கும் ஆக வேண்டும் என்றும், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தலாகாது என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். நமக்குக் காய்ச்சல் கண்டால் தனியார் ஆஸ்பத்திரி. சகோதரருக்குக் கண்டால் பனடோல் என்பது இந்த உபதேசத்துக்கு ஒக்குமா?

‘நம் மார்க்கத்தார் அல்லாதவருக்குமா?’ என்ற ஐயம் எழுமாயின், உமர் (ரலி) அவர்களைப் பார்ப்போம். ஷாம் தேசத்து ஜாபியாவுக்குச் செல்லும் வழியில் தொழுநோயால் வாடிய கிறிஸ்தவர்களைக் கண்டு, தர்ம நிதியிலிருந்து அவர்களுக்கு வழங்க ஆணையிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் பலாதுரி எழுதுகிறார். கெய்ரோவில் 1284–85இல் சுல்தான் கலாவூன் கட்டிய பெரிய வைத்தியசாலையின் வக்பு ஏற்பாடு, செல்வர்க்கும் வறியவர்க்கும், உள்ளூரார்க்கும் வெளியூரார்க்கும் ஒருங்கே கதவைத் திறந்து வைத்தது. நோய்க்கு ஊரும் பெயரும் கேளாத பரம்பரை நம்முடையது.

ஒருவர் நோய் ஊரார் நோய்

நமது கிள்ளானிலும் இதற்குச் சாட்சி உண்டு. 1901இல் டாக்டர் மால்கம் வாட்சன் அங்கே அரசாங்க வைத்தியராக வந்தபோது, அவ்வாண்டே திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் மலேரியா தொழிலாளரைச் சாய்த்தது. துறைமுக வேலையே நின்றுவிடுமோ என்ற நிலை. சதுப்பு நீரை வடித்து, புதரை வெட்டி ஊரைச் சுத்தம் செய்த பின் காய்ச்சல் தணிந்தது. கூலிக்காரருக்காக வடித்த நீர் வியாபாரியின் வீட்டையும் காத்தது.

2020ஐ நாம் யாரும் மறந்திருக்க முடியாது. மார்ச் 31 அன்று மெனாரா சிட்டி ஒன் கட்டடமும், ஏப்ரல் 7 அன்று மஸ்ஜித் இந்தியாப் பகுதியின் சிலாங்கூர் மேன்ஷனும் மலாயன் மேன்ஷனும் முள்வேலியிட்டு அடைக்கப்பட்டன. இரு மேன்ஷன்களிலும் சுமார் 6,000 பேர். மிகப் பெரும்பாலோர் அயல்நாட்டார். நம்மவர் கடைகளும், நம் கடைகளில் வேலை செய்வோரும் அங்கே உண்டு. பெர்மிட் இல்லாதவரும் அஞ்சாமல் பரிசோதனைக்கு வரலாம் என்று முன்னர் சொல்லப்பட்டிருந்தது. மே முதல் நாள் அவ்வட்டாரத்தில் நடந்த சோதனையில் நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். அதன்பின் எத்தனை பேர் துணிந்து டாக்டரிடம் போவர்? 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று, பெர்மிட் இல்லாத நோயாளரைப் பற்றி அதிகாரிகளுக்கு அறிவிக்கும்படி ஆஸ்பத்திரி ஊழியரைப் பணித்தது. அதன் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. 2021 பிப்ரவரியில், அயல்நாட்டார் யாவருக்கும் தடுப்பூசி இலவசம் என்று அரசாங்கமே அறிவித்தது. ஒருவரை விட்டுவிட்டு மற்றவரைக் காக்க முடியாது என்னும் உண்மையே அந்த அறிவிப்பில் வெளிப்பட்டது.

சட்டத்தை மீறச் சொல்வது நம் நோக்கமன்று. நம்மிடம் வேலை செய்பவர் பெர்மிட் இல்லாதவர் ஆகிவிடாதபடி காப்பது நம் கையில் இருக்கிறது. புதுப்பிக்கும் தேதியை நாம் தவறவிட்டால், நமக்கு அது ஒரு தாள். அவருக்கு ஆஸ்பத்திரி வாசல் அடைபடுவதாகும். அவருடைய பாஸ்போர்ட்டை நாம் வாங்கிப் பூட்டி வைப்பதும் 1966ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். பாஸ்போர்ட் கையில் இல்லாதவர், ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் என்ன காட்டுவார்?

நம் பாட்டன்மார் எப்படி வந்தனர்? நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறி, தளத்துப் பயணிகளாய் அலைபட்டு வந்தனர். பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் நோய்த்தடைக் காவலில் கிடந்தோர் பலர். காய்ச்சலில் விழுந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர் ஊர்க்காரர். மவுத்தானால் கபன் துணி வாங்கியவரும் ஊர்க்காரரே. நம் சங்கங்களின் வேர் அந்தக் கஞ்சியில் இருக்கிறது. அன்று நாம் முஸாபிர். இன்று கல்லாவில் அமர்ந்திருக்கிறோம். இடம் மாறியதால் கடமையும் மாறிற்று.

இந்த வாரமே செய்யக்கூடியவை

சகோதரர்களே! கேட்டு மகிழ்ந்து கலைந்து போவதற்கன்று இவ்வுரை. இன்றிரவு கடை அடைத்தபின் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஒவ்வொரு பணியாளரின் காப்புறுதித் தாளையும் எடுத்து, ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அவர் மொழியிலேயே சொல்லுங்கள். பெர்கேசோவில் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்கு அருகிலுள்ள கிளினிக் ஒன்றில் கணக்கு வைத்து, நம் கடை ஆள் வந்தால் பார்த்துவிட்டுப் பில்லை நமக்கு அனுப்பச் சொல்லுங்கள். நோய் விடுப்பைக் கேட்டுப் பெறும் நிலை வைக்காமல், சுவரில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும் இவை பொருந்தும். அவர் குரல் கடைப் பையனின் குரலைவிட மெலிது.

தனிக் கடையால் தாங்க முடியாத பெரிய செலவுக்கு, செராஸ் வியாபாரிகள் சேர்ந்து ஒரு பொது நிதி தொடங்கலாம். முன்பணம் கட்ட வழியின்றி ஒருவர் வாசலில் நிற்கும் இரவில், அந்த நிதியிலிருந்து தொகை போக வேண்டும். எவர் கடை ஆள், எந்த ஊரார், எந்த மதத்தார் என்ற கேள்வி மறுநாள் காலைக்கு நிற்கட்டும். ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போலாவார் என்று மாயிதா சூராவின் 32ஆவது வசனம் அறிவிக்கும்போது, வியாபாரிக்கு இதைவிட இலாபமான முதலீடு வேறு ஏது?

யா அல்லாஹ்! எங்கள் தராசுகளை நேராக்குவாயாக. எங்கள் கைக்குக் கீழ் நீ வைத்த சகோதரரின் ஹக்கை இவ்வுலகிலேயே கொடுத்துத் தீர்க்கும் மனத்தையும் பொருளையும் தருவாயாக. ஊர் விட்டு வந்து நோயில் கிடப்போர் அனைவர்க்கும் பூரண சுகத்தை அருள்வாயாக. அவர்கள் வழி பார்த்திருக்கும் தாய்மார் கண்களைக் குளிரச் செய்வாயாக. எங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வாயாக.

ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.